ஹிக்கி வரைந்த முகங்களும் விட்டுப்போன பெயர்களும்

1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர், அந்தக் கோட்டையைப் பிடித்த காட்சியை நூறடிக்கும் மேல் நீண்ட திரையில் தீட்டிக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். அவர் இந்தியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஊருக்கே நேரில் போன ஓவியர் தாமஸ் ஹிக்கியிடம் மிஞ்சியவை, கரியாலும் சுண்ணத்தாலும் தாளில் வரைந்த கம்பெனி அதிகாரிகளின் முகங்கள்தாம். போரைப் பெரிய ஓவியங்களாக வரையும் திட்டம் ஹிக்கிக்கும் இருந்தது, கைகூடவில்லை. கைகூடாததே நல்லது என்பேன்.

ஏனென்றால் ஹிக்கிக்குக் கூட்டத்தைக் கட்டி மேய்க்க வராது. 1792இல் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனாவுக்குப் போனவர் அவர். குழுவின் ஓவியர் என்ற பதவி அவருடையது. ஆனால் படகு, சந்தை, சிப்பாய், கோபுரம் என்று கண்டதையெல்லாம் வரைந்து குவித்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த வில்லியம் அலெக்சாண்டர். ஐரோப்பா அன்று கண்ட சீனம் அலெக்சாண்டர் காட்டியதுதான். ஹிக்கி அங்கே வரைந்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார் என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் பொய்யில்லை.

ஒரே ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்துவிட்டால் கதை வேறு. டப்ளினில் 1741இல் பிறந்து இத்தாலியில் பயின்ற கை அது. 1780இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் நடுக்கடலில் எதிரிக் கடற்படையிடம் சிக்க, லிஸ்பனில் சில காலம் பிழைத்து, 1784இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். சீனாவிலிருந்து திரும்பி, 1798இல் சென்னைக்கு வந்தபின் கடைசிவரை இந்தியாவிலேயே இருந்துவிட்டார். 1824இல் இறந்ததும் சென்னையில்தான்.

மைசூர் வீழ்ச்சிக்குப் பிறகு அவருக்கு வேலை கொட்டியது. திப்புவின் மகன்களை வரைந்தார். திப்புவிடம் அமைச்சராக இருந்து, பிறகு பாலகன் கிருஷ்ணராஜ உடையாருக்குத் திவானான பூர்ணையாவை வரைந்தார். வரையச் சொன்னவர்களின் நோக்கம் வெளிப்படை. தோற்றவர்களின் முகங்கள் வென்றவர்களின் மாளிகைச் சுவரில் தொங்க வேண்டும். இருந்தும் ஹிக்கி அவர்களை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. வெள்ளை அதிகாரிக்குக் கொடுத்த அதே பொறுமையைப் பூர்ணையாவின் முகத்துக்கும் கொடுத்தார். அன்றைய கம்பெனி ஓவியர் எல்லாரிடமும் எதிர்பார்க்கக்கூடியதல்ல அது.

அவருடைய ஆற்றலும் எல்லையும் ஒரே சட்டகத்தில் தெரிவது 1816இல் தீட்டிய காலின் மெக்கன்சி படத்தில். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்குப் போனவர்களுக்குப் பழக்கமான பெயர். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். நடுவில் செஞ்சட்டையோடு மெக்கன்சி. சுற்றிலும் மூன்று இந்தியர்கள்; ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. தொலைவில் கார்க்களத்துக் கோமடேசுவரர் சிலை. மூவருக்கும் தனித்தனி முகம் இருக்கிறது. பட்டுத் திரைபோல நிரப்பி வைத்த ஆட்கள் அல்லர். ஆனால் சுவடியைப் படித்துச் சொன்னவர் ஓரத்தில், படிக்கக் கேட்டவர் நடுவில். அவர்கள் இன்னார் என்று ஆய்வாளர்கள் பின்னாளில்தான் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் குறை பெண்களிடம் இன்னும் முற்றிவிடுகிறது. அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்தில் 1787ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. நகையணிந்து அமர்ந்திருக்கும் பெண்ணுக்குத் தலைப்பு, ‘இந்தியப் பெண்மணி’. வில்லியம் ஹிக்கி என்ற வழக்கறிஞரோடு வாழ்ந்த ஜம்தானியாக இருக்கலாம் என்கிறார்கள். அதுவும் ஊகம்தான்.

1805 வாக்கில் வரைந்த மூன்று பெண்களின் படமோ வழக்காகவே நீள்கிறது. நடன மாதர் என்று வெகுகாலம் நம்பப்பட்டவர்கள் மைசூர் அரண்மனைப் பெண்கள் என்றார் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர். வலப்பக்கத்துப் பெண் சேலையை விலக்கிக் கையைக் காட்டுவது, அப்போதுதான் நாட்டுக்குள் வந்திருந்த அம்மைத் தடுப்பூசிக்கான விளம்பரம் என்பது அவர் வாதம். எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கு அந்தக் கையைவிடப் பெரிய சான்று ஹிக்கி எழுதாமல் விட்ட பெயர்ச்சீட்டுதான். ஸ்ரீரங்கப்பட்டணத்து அதிகாரிகளின் பெயர்கள் அவர்களுடைய படங்களோடேயே வந்து சேர்ந்திருக்கின்றன. அரசியர் என்றால் பெயர் தப்பிப்போனது வியப்பு. ஆடல் மகளிர் என்றால் எவரும் பெயர் கேட்டிருக்கவே மாட்டார்கள்.