கீழாநெல்லியும் லான்செட்டும்: ஒரு துண்டுச்சீட்டை முன்வைத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் சித்தி மகனுக்குப் போன மாதம் மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீர் டிகாஷன் நிறம், சோற்றைப் பார்த்தாலே குமட்டல். பிலிருபின் 9.4. லேப் ரிப்போர்ட்டோடு இன்னொரு தாளையும் வாட்ஸாப்பில் அனுப்பினான். பச்சிலை மருந்து கொடுக்கும் ஒருவரின் துண்டுச்சீட்டு. வெறும் வயிற்றில் வரவும், மூன்று நாள் மருந்து, உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும் என்று லண்டன் மருத்துவ இதழே நிரூபித்திருக்கிறதாம்.

“அண்ணே, இது நிஜமா?” என்று கேட்டான். நான் பி.இ. படிச்ச ஆள், டாக்டர் இல்லை. ஆனால் மேற்கோள் காட்டினால் மூலத்தைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு.

கட்டுரை நிஜமாகவே இருக்கிறது. 1988, லான்செட். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் எழுதியது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர் அவர். கூட எழுதியவர்களில் ஒருவர் பாரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தை ரத்தத்தில் கண்டுபிடித்தவர், 1976இல் நோபல் வாங்கியவர். ஆக, துண்டுச்சீட்டுக்காரர் கதை விடவில்லை. ஆனால் கட்டுரையை அவர் படிக்கவும் இல்லை.

ஏனென்றால் அது மஞ்சள் காமாலை பற்றிய ஆய்வே கிடையாது.

ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் நெடுநாளாகச் சுமப்பவர்களிடம் நடந்த சோதனை அது. கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். அளந்தது பிலிருபினை அல்ல, வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்திலிருந்து மறைகிறதா என்பதை. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மறைந்தது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். 59 சதவீதத்துக்கு எதிராக 4.

படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயல்பாக வருடத்துக்கு நூற்றில் ஒருவர் அளவுக்கு மறையும் ஆன்டிஜென், ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் மறைந்தது என்றால் அது உலகச் செய்தி. அதே நேரத்தில், 37-க்கு 23 என்று இரு பக்கமும் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருப்பது உறுத்தியது. ஆய்வாளர்கள் நேர்மையாகவே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள், மேலும் ஆராயச் சொன்னார்கள். மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். 1990இல் தாய்லாந்திலிருந்து அதே லான்செட்டுக்கு வந்த கடிதத்தின் தலைப்பிலேயே தோல்வி என்று இருந்தது. 1994இல் நியூசிலாந்திலும் பலன் இல்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, போலி மருந்தைவிட மேல் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது. நம்ம ஊர்ச் சுவர் விளம்பரங்களில் மட்டும் இன்னும் 1988தான் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, ஆய்வு தோற்றது இருக்கட்டும். “எங்க மாமாவுக்குச் சரியாச்சே” என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நம் பக்கம் வாலிப வயதில் வரும் காமாலைக்கு அடிக்கடி காரணம், அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. பெரும்பாலோருக்கு அது சில வாரத்தில் தானாகவே அடங்கும். மஞ்சள் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் பயந்து பச்சிலைக்கு ஓடுவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? அந்த வாரம் கையில் கீழாநெல்லி இருந்தால் கீழாநெல்லிக்குப் பெயர், கரும்புச்சாறு இருந்தால் கரும்புச்சாறுக்கு.

என் தொழிலில் சர்வர் தானாக மீண்டு வந்ததும், கடைசியாகக் கீபோர்டைத் தொட்டவர் பெயர் வாங்கிக்கொண்டு போவார். அதேதான் இது.

தானாக அடங்காத காமாலையும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். பித்தக்குழாயில் கல், கட்டி, குடி கெடுத்த கல்லீரல், கர்ப்பிணிக்கு வரும் ஹெபடைடிஸ் ஈ. இவை எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே பெயர். மஞ்சள் என்பது எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். எந்தப் பகுதி பழுது என்று அது சொல்லாது.

நான் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த அதே வாரம் சித்தியின் மகளுக்குத் திருவள்ளூரில் பிரசவம். (இரண்டும் ஒரே மாவட்டம். ரயிலில் போக பேசின் பிரிட்ஜ் வந்துதான் மாற வேண்டும்.) 37 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, நான்காம் நாள் வயிறு வரைக்கும் மஞ்சள். சித்தியின் கையில் ஏற்கெனவே கீழாநெல்லிச் சாறு தயார். “பெரியவனுக்குக் கொடுத்ததுதானேப்பா, சங்குல ஒரு சொட்டு.” அதோடு காலையில் ஜன்னல் வெயில்.

அந்த ஒரு சொட்டு கேட்டுத்தான் எனக்கு வயிறு கலங்கியது. பச்சிளங்குழந்தையின் காமாலை வேறு கணக்கு. அதற்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவை சீக்கிரம் உடைகின்றன. உடைந்ததில் வரும் பிலிருபினை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தில் தள்ளும் நொதி கல்லீரலில் இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை. அதனால் ஓரளவு மஞ்சள் இயல்பு. எல்லை மீறினால் அந்தக் கரையாத பிலிருபின் மூளைக்குள் போய் உட்காரும். காது போகலாம், கை கால் வாதம் வரலாம், போனது திரும்பாது. பெரியவனுக்கு மூன்று வாரம் காத்திருக்கலாம், இவளுக்கு மூன்று நாள்கூடக் கிடையாது.

வெயில் விஷயத்தில் சித்தியைக் கேலி செய்ய மாட்டேன். ஒளிச் சிகிச்சை பிறந்ததே வெயிலில்தான். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலில் வைத்த சிஸ்டர் வார்டு, ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை டாக்டர்களுக்குக் காட்டினார். 1958இல் கிரெமர் குழுவினர் நீல விளக்கோடு லான்செட்டில் எழுதினார்கள். நீல ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றிவிடுகிறது, பிறகு அது கல்லீரலின் அந்த நொதியின் உதவி இல்லாமலே வெளியேறும். ஆனால் ஜன்னல் வெயிலுக்கு அளவு கிடையாது. தோல் வெந்துவிடும், இல்லையென்றால் ஒளி போதாது. துணியைக் கழற்றாமல் பத்து நிமிடம் காட்டுவது வெறும் சடங்கு.

போனிலேயே சண்டை போட்டு ரத்தம் பார்க்க வைத்தேன். 18. அன்றே நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். இரண்டு நாள், கண்ணைக் கட்டி. “குழந்தைத் துணியில் அந்துருண்டை போட்டிருந்தீர்களா?” என்று டாக்டர் கேட்டாராம். ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் வாசனையே சிவப்பணுக்களை உடைக்கும். பிறந்த குழந்தைக்குப் பெட்டியில் வைத்த பழைய துணி சுற்றும் வழக்கம் நமக்கு உண்டு. அதில் உருண்டையும் இருக்கும். எனக்கு இது புதுச் செய்தி. 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலும், இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல் மலம் வெளுத்து வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

தம்பிக்கும் எந்த வைரஸ் என்று பார்க்கச் சொன்னேன். ஹெபடைடிஸ் ஏ. பி இல்லை. அதாவது அந்தத் துண்டுச்சீட்டு சொன்ன ஆய்வு வென்றிருந்தாலும் அவனுக்குப் பொருந்தியிருக்காது. ஐந்தாவது வாரம் ஷிப்டுக்குத் திரும்பிவிட்டான். ரூமில் கூட இருக்கும் பையன்களிடம் மூன்று நாள் குடித்த பச்சிலையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.