ஆசிரியரின் மௌனம்: ஒரு திறனாய்வு

இணையவழி வகுப்புகளில் கலந்துரையாடலை மாணவரிடம் ஒப்புவித்து ஆசிரியர் ஒதுங்கி நிற்பதே சிறந்த முறை என்னும் கருத்து இன்று கல்வியாளரிடையே வேரூன்றியுள்ளது. மேடைமீது நின்று போதிக்கும் ஞானி, அருகில் நின்று வழிகாட்டுபவராக மாறவேண்டும் என்று 1993இல் ஆலிசன் கிங் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார். அக்கட்டுரை இணையவழிக் கல்வியைக் கருதி எழுதப்பட்டதன்று. எனினும் அதன் தலைப்பு அத்துறையின் முழக்கமாயிற்று. இம்முழக்கத்துக்குச் சான்றாக எடுத்தாளப்படும் ஆய்வொன்றை ஈண்டுச் சீர்தூக்கிப் பார்க்க முற்படுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்திய வானியல் பாடங்களை மார்கரெட் மஸோலினி, சாரா மேடிசன் ஆகிய இருவரும் ஆராய்ந்து, தம் முடிவுகளை 2003இல் வெளியிட்டனர். ஆசிரியர் ஞானியா, வழிகாட்டியா, ஆவியா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. ஆசிரியர் மிகுதியாக எழுதிய வகுப்புகளில் மாணவர் குறைவாக எழுதினர்; உரையாடல்களும் சுருங்கின. ஆசிரியர் தாமே புதிய உரையாடல்களைத் தொடங்கியதாலும் பயன் விளையவில்லை.

இம்முடிவு ஆசிரியரின் மௌனத்துக்கு நற்சான்றாகுமா? மூன்று காரணங்களால் நாம் தயங்குகிறோம்.

முதலாவது, அங்கே அளக்கப்பட்டது உரையாடலின் அளவேயாகும். பலர் நெடுநேரம் பேசியதனால் கற்றனர் என்று துணிய இயலாது. ஆசிரியரின் தெளிவான விடையொன்றால் ஓர் ஐயம் தீர்ந்து உரையாடல் விரைவில் முடிந்திருக்கவும் கூடும்.

இரண்டாவது, இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகாது. வகுப்பு சோர்ந்திருந்தமையாலேயே ஆசிரியர் மிகுதியாக எழுத நேர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, மாணவரின் மதிப்பீடு வேறொன்றைக் கூறுகிறது. மிகுதியாக எழுதிய ஆசிரியரையே அவர்கள் ஆர்வமும் புலமையும் மிக்கவராகக் கருதினர். நேருக்கு நேர் அமர்ந்த வகுப்பில் ஆசிரியர் பேசாதிருப்பினும், செவிகொடுப்பதை அவர் முகம் காட்டும். எழுத்தால் நிகழும் வகுப்பிலோ, பேசாதவர் இல்லாதவரே.

மற்றோர் ஆய்வையும் இதனோடு ஒப்பிடுதல் தகும். கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்னும் மூவரும் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தினின்று 2000இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். சிந்தனை, தோழமை, கற்பித்தல் ஆகிய மூன்றும் வகுப்பில் விளங்கவேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாவதை அவர்கள் ஆசிரியரின் இருப்பு என்னாமல், கற்பித்தலின் இருப்பு என்றே குறித்தனர். ஆகவே மாணவரும் அப்பணியில் பங்குபெறலாம். இவ்வேறுபாடு சிறப்பாகக் கருதத்தக்கது. ஆயினும், 2001இல் அவர்கள் சில கலந்துரையாடல்களை வகைப்படுத்தியபோது கண்டது என்ன? சிக்கலை எழுப்பியவை நூற்றுக்கு 8. கருத்துகளைத் தேடியவை 42. அவற்றை இணைத்தவை 13. முடிவு கண்டவை 4. எஞ்சிய 33 இவ்வகைகளுள் அடங்காதவை. சிறிய ஆய்வாயினும் இது எச்சரிக்கை தருகிறது. கருத்துகளைக் குவித்தல் எளிது. அவற்றை இணைத்து ஒரு தீர்ப்புக்கு வருதல் அரிது. அவ்விடத்தில்தான் தேர்ந்தவரின் துணை தேவைப்படுகிறது.

எனவே, ஒதுங்குதல் வேறு, கைவிடுதல் வேறு. ஒதுங்கும் ஆசிரியர் வினாவை முன்னதாகவே ஆய்ந்து அமைக்கிறார். உரையாடலை நடத்தவிருக்கும் மாணவரைத் தனியே பயிற்றுவிக்கிறார். இரண்டொருவரே பேசி ஏனையோரை அடக்காதபடி விதி வகுக்கிறார். வாய் திறவாதவருக்குத் தனிமடல் எழுதுகிறார். பிழையான செய்தி உண்மையாக நிலைபெறுமுன் திருத்துகிறார். வார இறுதியில் தொகுத்துரைக்கும் பணியை மாணவரிடம் அளித்து அதனை மதிப்பிடுகிறார். இவை அனைத்தும் விரிவுரைக்கு வேண்டியதினும் மிகுந்த உழைப்பைக் கோருகின்றன. இவ்வுழைப்பின்றி மாணவர் தலைமை என்று கூறுவது, ஆசிரியரின் பளுவைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு அழகிய பெயர் சூட்டுவதேயாகும். ஒரே ஆசிரியரிடம் மேன்மேலும் மாணவரை ஒப்படைக்க விரும்பும் நிர்வாகத்துக்கும் அப்பெயர் வசதியானது.

நம் வாசகருள் பலர் நாளை ஒரு குழுவை நடத்தும் பொறுப்பேற்க இருப்பவர்கள். கலந்துரையாடலை நடத்தக் கற்றுக்கொள்ளாமல் பட்டம் பெறுவோர், தாம் கேட்ட விரிவுரைகளையே பிறருக்கும் திரும்ப உரைப்பர். ஆதலால் மாணவரிடம் தலைமையை ஒப்புவித்தல் இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒப்புவித்தபின் எப்போது பேசவேண்டும், எப்போது பேசாதிருக்கவேண்டும் என்று அறிந்து விழித்திருத்தலே ஆசிரியரின் கடமை. அவ்விழிப்பை எந்த ஆய்வின் எண்ணிக்கையும் அவருக்காகச் செய்து தராது.