மறுஒளிபரப்பில் குறைந்த பாடம்

‘ஸ்டார் டிரெக்’ தொடரின் 79 பகுதிகள் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் என்.பி.சி. வலையமைப்பில் ஒளிபரப்பாயின. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 50 நிமிட நீளமுடையது. ஒரு மணி நேரத்தில் எஞ்சியது விளம்பரத்திற்குரியது. மூன்றாம் பருவத்தோடு நின்றுபோன அத்தொடருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது, பின்னர் உள்ளூர் நிலையங்கள் நடத்திய மறுஒளிபரப்பே. ஆயின் அந்நிலையங்கள் காட்டியது பெரும்பாலும் குறைந்த பாடம். விளம்பர நேரம் பெருகப் பெருக, மணிக்கணக்கு மாறாமல் படைப்பே சுருங்கியது.

எதை வெட்டுவது? கதை அறுபடாதிருத்தலே தொகுப்பாளருக்கு இடப்பட்ட நிபந்தனை. எனவே கதையை நகர்த்தாத பகுதிகள் முதலில் நீங்கும்: ஸ்பாக்கும் மருத்துவர் மெக்காயும் ஒருவரையொருவர் சீண்டும் உரையாடல், ஆணைக்கு முன் நிலவும் மௌனம், முடிவில் வரும் சிறு நகைச்சுவைக் காட்சி. அத்தொடரை அன்பர்கள் நேசித்ததோ பெரிதும் இவற்றுக்காகவே. நகைச்சுவைத் தொடர்களில் சேதம் இன்னும் நுட்பமானது. வெட்டாமலே ஓட்டத்தை விரைவுபடுத்தும் வழக்கமும் உண்டு. நூற்றுக்கு எட்டுப் பங்கு விரைவு கூட்டினால் 25 நிமிடப் பகுதியில் இரண்டு நிமிடம்வரை மிச்சமாகும். சொல் ஒன்றும் குறையாது. சொல்லுக்கும் சிரிப்புக்கும் இடையிலுள்ள மூச்சு குறையும்.

‘மேஷ்’ தொடரின் இறுதிப்பகுதி 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேரப் படமாக வந்தது. மனநல மருத்துவமனையில் இருக்கும் ஹாக்ஐ, பேருந்தில் ஒரு பெண் மூச்சடைத்துக் கொன்றது கோழியையன்று, தன் குழந்தையையே என்பதைச் சிறுகச் சிறுக நினைவுகூர்கிறான். அந்நினைவு ஒரே இரவில் திறக்க வேண்டியது. மறுஒளிபரப்பில் அப்படம் ஐந்து அரைமணிப் பகுதிகளாயிற்று. ஒரு காட்சியும் நீங்காதிருந்தாலும் இது வெட்டே.

‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ (1978–82) வானொலி நிலையமொன்றின் கதை. பாடல்களின் உரிமம் காலாவதியானபின் அவற்றுக்குப் பதில் பெயரறியா இசை புகுத்தப்பட்டது. குறிப்பிட்ட பாடலைச் சுட்டி எழுந்த நகைச்சுவை, பாடல் போனபின் பொருளற்று நிற்கிறது.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியோர்க்குப் பாடவேறுபாடு புதிதன்று, உ. வே. சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டே நூல்களை மீட்டார். ஆனால் செல்லரித்த ஏடு தன் குறையைத் தானே காட்டும். திறமையாகத் தொகுத்த படத்தில் தழும்பு தெரியாது. குறைந்த பாடத்தையே கண்டு வளர்ந்த பார்வையாளர், தாம் இழந்ததை அறியவும் வழியில்லை. அப்பாடத்தை நம்பி எழுதப்படும் திறனாய்வும் அவ்வாறே வழுவுடையதாகும். ஆய்வாளர் தாம் கண்ட படியின் நீளத்தையும் மூலத்தையும் குறிப்பிடுவது இன்னும் வழக்கமாகாதது வியப்புக்குரியது.

1998இல் சை-ஃபை அலைவரிசை ‘ஸ்டார் டிரெக்’ பகுதிகளை வெட்டின்றி ஒளிபரப்பியது. நேர்காணல்களும் விளம்பரங்களும் சேர, முன்பு ஒரு மணியில் அடங்கிய பகுதிக்கு 90 நிமிடம் ஒதுக்க நேர்ந்தது.