சிறு அலுவலகத்துக்கு ஒரு விபிஎன்: மைக்ரோடிக் ஹெக்ஸும் வயர்கார்டும்

அலுவலகக் கணினியிலுள்ள கோப்புகளையும் கணக்கு மென்பொருளையும் வெளியூரிலிருந்து பயன்படுத்த வேண்டிய தேவை எழும்போது, சிறு நிறுவனங்கள் பலவும் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை இணையத்திலிருந்து எவரும் தொடக்கூடிய நிலையில் வைத்துவிடுகின்றன. போர்ட் என்பது ஒரு கணினியில் இயங்கும் சேவைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய உதவும் எண். அது திறந்திருந்தால், உரியவர் மட்டுமன்றி, முகவரிகளை வரிசையாகத் துழாவிக் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்களும் அச்சேவையை எட்டிவிடும். இந்த ஆபத்தான வழக்கத்துக்கு மாற்றாக அமைவது விபிஎன். அதாவது, பொது இணையத்தின் ஊடாகவே குறியாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை ஒன்றை அமைத்து, வெளியிலுள்ள மடிக்கணினியை அலுவலக வலையமைப்பின் உறுப்பாக்கும் முறை. லாட்வியாவின் ரீகா நகரைச் சேர்ந்த மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் ரவுட்டருடன் ஒரு விண்டோஸ் மடிக்கணினியை வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக இணைக்கும் முறையும், அதன் நிறைகுறைகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

கருவியும் நெறிமுறையும்

ஹெக்ஸ் வரிசையின் ஆர்பி750ஜிஆர்3 மாதிரி, கம்பிவடம் செருகும் ஐந்து கிகாபிட் துளைகளும், 880 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இரட்டைக் கருச் செயலியும், 256 எம்பி நினைவகமும் கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. இதில் வைஃபை இல்லை என்பதால், அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள வைஃபை கருவியை இதன் பின்னால் இணைத்துக்கொள்ள வேண்டும். இதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்ஸின் 7ஆம் பதிப்பில்தான் வயர்கார்டு சேர்க்கப்பட்டது. பழைய இருப்பிலிருந்து வாங்கிய பெட்டியில் 6ஆம் பதிப்பு இருக்குமாயின், முதல் வேலை அதைப் புதுப்பிப்பதே.

ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கருவில் இடம்பெற்றது. முதன்மை நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளுக்குள் அடங்குவதால், ஒரே வல்லுநர் முழுவதையும் படித்துச் சரிபார்க்க முடிகிற அளவில் அது உள்ளது. பழைய நெறிமுறைகளில் இரு முனைகளும் எந்தக் குறியாக்க முறையைக் கையாள்வது என முதலில் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்க, வயர்கார்டு ஒரே ஒரு தொகுப்பை நிலையாகக் கொண்டிருப்பதால், தவறான தெரிவுக்கே இடமில்லாமல் போகிறது. அமைப்பதற்கு எளிது என்ற ஒரே காரணத்தால் பிபிடிபி என்ற பழைய நெறிமுறையைச் சில அலுவலகங்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. ஆனால், அது பெரிதும் சார்ந்திருந்த கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை உடைக்க முடியும் என்பது 2012இல் வெளிப்படையாகக் காட்டப்பட்டது. 2016இல் ஆப்பிள் தன் கருவிகளிலிருந்து அந்த வசதியையே நீக்கிவிட்டது.

ரவுட்டர் பக்கம்

வின்பாக்ஸ் என்ற நிர்வாகச் செயலியில் வயர்கார்டு பகுதியைத் திறந்து, புதிய இடைமுகம் ஒன்றைச் சேர்த்தவுடன், ரவுட்டர் தனக்கான சாவி இணையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. இவற்றுள் தனிச்சாவி ரவுட்டரை விட்டு வெளியேறக் கூடாதது. பொதுச்சாவி மறுமுனைக்குக் கொடுக்கப்பட வேண்டியது. ரவுட்டர் செவிமடுக்கும் போர்ட்டாக 13231 இயல்பாகவே நிரப்பப்பட்டிருக்கும். அலுவலக வலையமைப்பு மைக்ரோடிக்கின் இயல்பான 192.168.88.0/24 எனக் கொண்டால், விபிஎன்னுக்கு அதிலிருந்து வேறுபட்ட 192.168.100.0/24 போன்ற வரம்பை ஒதுக்கி, புதிய இடைமுகத்துக்கு 192.168.100.1 என்ற முகவரியைத் தர வேண்டும்.

அடுத்து வருவது ஃபயர்வால், அதாவது எந்தத் தரவுப் பொதி உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று தீர்மானிக்கும் விதித்தொகுப்பு. இந்த ரவுட்டரின் இயல்பான விதிகளில், உள்வலையிலிருந்து வராத அனைத்தையும் ரவுட்டரை அடையவிடாமல் தள்ளிவிடும் விதி ஒன்று உண்டு. வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி வகைப் போர்ட் 13231ஐ அனுமதிக்கும் விதியைப் புதிதாகச் சேர்க்கும்போது அது பட்டியலின் கடைசியில் போய் அமர்வதால், விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் ரவுட்டர் அதை எட்டும் முன்பே பொதியைத் தள்ளிவிடுகிறது. ஆகவே, புதிய விதியை, பொதிகளைத் தள்ளிவிடும் விதிக்கு மேலே இழுத்து வைப்பது இன்றியமையாதது. அத்துடன், வயர்கார்டு இடைமுகத்தை உள்வலைப் பட்டியலிலும் சேர்த்தால்தான், மடிக்கணினி அலுவலக ரவுட்டரின் பெயர்த்தேடல் சேவையையும் பயன்படுத்த முடியும்.

மடிக்கணினிப் பக்கம்

விண்டோஸுக்கான வயர்கார்டு செயலியில் வெற்றுச் சுரங்கம் (விபிஎன் தனிப்பாதை) ஒன்றைச் சேர்க்கும்போது, அங்கும் ஒரு சாவி இணை உருவாகிறது. அதன் பொதுச்சாவியை ரவுட்டரில் புதிய மறுமுனையாகப் பதிந்து, அதற்குரிய அனுமதி முகவரியாக 192.168.100.2/32 என ஒரே ஒரு முகவரியைக் குறிப்பிட வேண்டும். முகவரியைத் தானே வழங்கும் ஏற்பாடு வயர்கார்டில் இல்லாமையால், எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற பதிவேட்டை நிர்வாகிதான் பேண வேண்டும். இரு கருவிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், அவற்றுள் ஒன்றின் இணைப்பு கட்டாயம் குலையும்.

மடிக்கணினியில் எழுதப்படும் அனுமதி முகவரிகளோ, எந்தப் போக்குவரத்து சுரங்கத்துக்குள் செல்ல வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. 192.168.88.0/24, 192.168.100.0/24 என்ற இரண்டை மட்டும் எழுதினால், அலுவலகத்துக்கு உரியவை மட்டும் அவ்வழி செல்லும்; 0.0.0.0/0 என எழுதினால், காணொளி உட்பட அனைத்தும் அலுவலக இணைப்பின் வழியே சுற்றிச் செல்லும். அலுவலக வேலைக்கு முதல் முறையே போதுமானது.

மௌனத்தைப் படித்தல்

வயர்கார்டின் பாதுகாப்புச் சிறப்பும் பயன்பாட்டுச் சிரமமும் அதன் மௌனத்திலேயே உள்ளன. உரிய சாவி இல்லாதவர் அனுப்பும் பொதிக்கு ரவுட்டர் மறுமொழியே தராததால், துழாவும் நிரல்களுக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது. ஆனால், சாவியில் ஓர் எழுத்து தவறிய உரிமையாளருக்கும் அதே மௌனம்தான் கிடைக்கிறது. விண்டோஸ் செயலி, மறுமுனையோடு தொடர்பே ஏற்படாத நிலையிலும், இணைப்பு இயங்குகிறது என்று பச்சை நிறத்தில் காட்டும். புதிதாக அமைப்பவரைத் திசைதிருப்பும் அம்சம் இதுவே. பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள்: கடைசியாகக் கைகுலுக்கல் (இரு முனைகளும் சாவிகளைச் சரிபார்த்துத் தொடர்பை ஏற்படுத்துதல்) நடந்த நேரம், பெற்ற பைட்டுகளின் எண்ணிக்கை. முதல் வரி தோன்றவே இல்லையெனில், பதிவுப் பக்கத்தில் 5 விநாடிக்குள் கைகுலுக்கல் முடியவில்லை, மீண்டும் முயல்கிறது என்ற செய்தி அடுக்கடுக்காக வருவதைக் காணலாம். அப்போது பிழை சாவியிலோ, ஃபயர்வாலிலோ, அலுவலக ரவுட்டரின் வெளிமுகவரியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

முகவரியே இவற்றுள் மிகுந்த தொல்லை தருவது. இணையச் சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருந்தால், அலுவலக ரவுட்டரை வெளியிலிருந்து எட்டவே முடியாது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அதுவே இந்நிலைக்குரிய அடையாளம். நிலையான பொது முகவரியைக் கேட்டுப் பெறுவதே அதற்கு நேரான தீர்வு.

கைகுலுக்கல் நடந்தும் கோப்புகள் திறக்கவில்லையெனில், காரணம் பெரும்பாலும் அலுவலகக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வால்தான். தனிப்பட்ட வலையமைப்பில் கோப்புப் பகிர்வு விதி தன் வரம்புக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே இயல்பாக ஏற்பதால், 192.168.100.0/24 வரம்பையும் அவ்விதியில் சேர்த்தாக வேண்டும். வீட்டு வலையமைப்பும் அலுவலக வலையமைப்பும் ஒரே எண்வரம்பில் அமைந்திருந்தால், மடிக்கணினி அலுவலகக் கணினியை வீட்டுக்குள்ளேயே தேடத் தொடங்கிவிடும் என்பதால், 192.168.1.0/24 போன்ற மலிந்த வரம்பைத் தவிர்ப்பது நல்லது.

குறைகளும் தீர்ப்பும்

ஹெக்ஸின் வன்பொருள் குறியாக்க உதவி ஐபிசெக் என்ற வேறொரு நெறிமுறைக்கே பயன்படுகிறது. வயர்கார்டின் சுமை முழுவதும் ரவுட்டரின் மையச் செயலியின் மீது விழுவதால், விபிஎன்னில் முழு கிகாபிட் வேகத்தை எதிர்பார்க்க இயலாது. வயர்கார்டில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. மடிக்கணினி களவுபோனால், அதிலுள்ள சாவியும் உடன் போகிறது. எனினும், ரவுட்டரில் அம்மறுமுனையை முடக்கிவிட்டால், பிறர் எவருடைய இணைப்பும் பாதிக்கப்படாமல் அந்தச் சாவி மட்டும் செல்லாததாகிவிடும். விண்டோஸ் செயலி இயல்பாக நிர்வாகி உரிமையைக் கேட்பதும், வரையறுக்கப்பட்ட உரிமையோடு பணியாற்றும் ஊழியர்களுக்கு இடையூறாகிறது.

இவை அனைத்திலும் மேலாகக் கவனிக்க வேண்டியது புதுப்பித்தல். வின்பாக்ஸ் சேவையில் 2018இல் வெளியான பாதுகாப்புக் குறைபாட்டுக்குத் திருத்தம் வந்த பின்னும், புதுப்பிக்கப்படாமல் நிர்வாகப் போர்ட்டான 8291ஐ இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த ஏராளமான ரவுட்டர்கள் அந்நியர் கைக்குப் போயின. விபிஎன் அமைந்தவுடன் 3389, 8291 இரண்டையும் வெளியுலகுக்கு மூடிவிட்டு, நிர்வாகப் பணியையும் சுரங்கத்தின் வழியே செய்யும் அலுவலகமே இந்த ஏற்பாட்டின் முழுப் பயனைப் பெறும்.

ஒரு சிலர் மட்டும் வெளியிலிருந்து பணிபுரியும், ஐபி முகவரி, ஃபயர்வால் ஆகியவற்றை ஓரளவு அறிந்த ஒருவரையாவது கொண்ட அலுவலகத்துக்கு, மாதக் கட்டணம் ஏதுமில்லாத இந்த ஹெக்ஸ்–வயர்கார்டு இணை உறுதியாகப் பரிந்துரைக்கத் தக்கது. அத்தகைய ஒருவர் இல்லாத இடத்தில், அமைத்துத் தருபவரிடம் மறுமுனைகளின் பதிவேட்டையும், ஒரு கருவியின் இணைப்பை முடக்கும் முறையையும் எழுதி வாங்கிக்கொண்ட பின்னரே இதை ஏற்க வேண்டும். ஊழியர் ஒருவர் விலகும் நாளில் அவருடைய சாவியை முடக்கத் தெரியாத அலுவலகத்தை எந்த விபிஎன்னும் காக்காது.