எல்லைப்புறக் கதைப்பாடல்கள்: பாட்டும் உரையும்

கதையைப் பாட்டாகக் கேட்பதில் தமிழர்க்கு என்றும் தனி விருப்பம் உண்டு. அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் நம் பாட்டிமார் நெஞ்சில் நிலைத்தமைக்கு அவ்விருப்பமே காரணம். இவற்றைப் பாடியவர் புகழேந்திப் புலவர் என்பர். நளவெண்பா பாடிய புகழேந்தியே இவற்றையும் பாடினார் என ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை. ஆக்கியோன் பெயர் மறைந்தவிடத்துப் பெரும்புலவர் ஒருவர் பெயரைச் சூட்டுவது மக்கள் மரபு. இதற்கு மாறாக, பெரும்புலவர் பாடிய காவியமே நாட்டுப்புறக் கலைஞரின் கைப்பொருளாகிய இடமும் உண்டு. மலையாளம் வழங்கும் பாலக்காட்டுச் சீமையே அது.

பாரதப்புழைக் கரையை ஒட்டிய பகவதி கோயில்களில், சனவரி முதல் மே வரையுள்ள திங்கள்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். அவ்வொளியில் பாவைகள் நிழலுருவாய் இயங்கும். பாடப்பெறுவது கம்பராமாயணம். தாரிகனொடு பொருதுகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காளி காணவில்லை என்றும், அக்குறை தீரவே அவள் திருமுன் இக்கூத்து ஆடப்படுகிறது என்றும் கூறுவர். ஆடுவோர்க்குப் 'புலவர்' என்பதே பட்டம். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர்; அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர் 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இப்புலவர்களின் திறம் எதில் உள்ளது? கம்பன் செய்யுளைத் தமிழிலேயே பாடுகின்றனர். பின்னர்த் தமிழும் மலையாளமும் விரவிய நடையில் உரை விரிக்கின்றனர். கவிஞன் தன் கூற்றாகச் சொன்னவற்றையும் பாத்திரங்களின் உரையாடலாக மாற்றிவிடுகின்றனர். கம்பன் பாடாத சூர்ப்பணகை மகன் சம்புகுமாரன் கதையையும் இணைத்துக்கொள்கின்றனர். மகனை இழந்த தாய் என்னும் நிலை அவளுக்கு வாய்த்ததும், அவள் சினத்திற்கு ஒரு நியாயம் பிறக்கிறது அன்றோ? இங்கு உரை, பாட்டின் ஏவலாள் அன்று. தானே ஒரு படைப்பு.

குறையும் இல்லாமல் இல்லை. ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லப் புகுந்து, கிளைக்கதைமேல் கிளைக்கதையாக வளர்ந்து, கதை நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதுண்டு. நள்ளிரவுக்குப்பின் திரைமுன் ஒருவரும் இல்லாத நிலையும் ஏற்படுகிறது. ஆயினும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை. கேட்பவள் பகவதி என்னும் உறுதியே அவர்க்குப் போதுமானது. எனினும், தெய்வம் மட்டுமே கேட்கும் பாட்டு, பாடுவோர் குடும்பத்தோடு ஒடுங்கிவிடக் கூடும் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

தெற்கே இடுக்கி மலைகளில் நாம் காண்பது வேறொரு நிலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மன்னான் பழங்குடியினர், கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடிப் பாடுகின்றனர். இதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, உரையும் வேண்டுவதில்லை. பாடுவோர் மொழியும் கேட்போர் மொழியும் ஒன்றே. அது தமிழோடு நெருங்கிய உறவுடையது. கண்ணகி விண்ணகம் புக்கதை முதன்முதல் கண்டு சொன்னவர் மலைவாழ் குறவரே எனச் சிலம்பின் பதிகம் உரைக்கிறது. மலைமக்கள் இன்றும் அக்கதையைச் சொல்லிவருவது நம் நெஞ்சைத் தொடுவதாகும்.

கடல் கடந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. பிரித்தானியாவிலிருந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் குடியேறியோர் தம் முன்னோரின் கதைப்பாடல்களை உடன்கொண்டு சென்றனர். சிசில் ஷார்ப் என்பார் 1916 முதல் 1918 வரை அங்குச் சென்று அவற்றைத் திரட்டினார். 'கண்ட்ரி' இசையின் வேர்களுள் அப்பாடல் மரபும் ஒன்று. ஆனால் அவர்கள் சென்ற நாட்டிலும் அவர்கள் மொழியே ஓங்கியது. மன்னான்களைப் போலவே அவர்களுக்கும் உரைகாரர் தேவைப்படவில்லை.

பிறமொழி சூழ வாழும் நம் இல்லங்களின் நிலையோ பாலக்காட்டுப் புலவரின் நிலையை ஒத்தது. நம் மக்கள் தமிழ்ப்பாட்டைக் கேட்கின்றனர். பொருள் விளங்காமல் எழுந்து போகின்றனர். பாட்டையே கைவிடுவோரும், மொழிபெயர்ப்பைமட்டும் கையில் கொடுப்போரும் நம்மிடையே உளர். கூத்துமாடம் காட்டும் வழி இவ்விரண்டும் அன்று. பாட்டு தமிழில் நிற்கட்டும். உரை பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழியில் தாராளமாக நடக்கட்டும். அவர்கள் வினவும் வினாவுக்கு ஏற்ப அது விரியட்டும், சுருங்கட்டும். உரை சொல்ல ஒருவர் உள்ளவரை, பாட்டு அயலாகிவிடாது. அவ்வொருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.