திருச்செங்கோடு ரிக்கும் மேல்மண்ணும்

திருச்செங்கோடு போர் வண்டி எந்த நிலத்தையும் துளைச்சுடும்னு கொங்குல ஒரு பெருமிதம் உண்டு. பாதிதான் சரி. காற்றழுத்தத்தில் குழிக்குள்ளேயே போய் அடிக்கும் அந்தச் சுத்தியல் கடும்பாறைக்கு ஏற்றது. நம்ம பக்கம் 1000 அடி இறங்கினாலும் யாரும் அதிசயப்படறதில்லை. சிக்கல் பாறைக்கு மேலே கிடக்கிற இளகின மண்ணில்தான். முதலில் துளை, பிறகு கேசிங் பைப். நடுவில் மண் சரிந்தால் துளை போச்சு.

ஆங்கர் ரிக் இதையே வேறு மாதிரி செய்கிறது. பிட் விரிந்து குழாயைவிட அகலமாகக் குடையும், குழாயும் கூடவே இறங்கும். வேலை முடிந்ததும் பிட் சுருங்கி, குழாய் வழியே மேலே வந்துவிடும். மாஸ்ட்டையும் சாய்க்கலாம். நீலகிரி சாலைச் சரிவுகளில் மண்ணுக்குள் கம்பி செருகி சிமென்ட் பால் ஏற்றும் வேலைக்கு, நேர்கீழே மட்டும் துளைக்கும் லாரி ரிக் எதுக்கு ஆகும்?

என் குறை வண்டி மேல்கூட இல்லைங்க, அடிக்கணக்குக் கூலி மேல். அதில் வேகத்துக்குத்தான் காசு. கேசிங்கைப் பாறையில் ஒழுங்காக உட்காரவைக்கும் நிதானத்துக்கு இல்லை. பைப்புக்குத் தனி விலை என்பதால் தோட்டக்காரரே குறைக்கச் சொல்வதும் உண்டு. அந்த இடைவெளி வழியாத்தான் மேல்மண்ணும் சாக்கடைத் தண்ணீரும் போருக்குள் இறங்குது. அடுத்த முறை போர் போட்டால், பாறை எத்தனை அடியில் வந்தது, கேசிங் எத்தனை அடி இறங்கியது, ரெண்டையும் பில்லில் எழுதி வாங்குங்க.