கற்றவர் மீண்டும் கற்றமை: ‘என் சரித்திரம்’ குறித்து ஒரு நோக்கு

தமிழில் எழுந்த தன்வரலாற்று நூல்களுள் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தனிச்சிறப்பு வாய்ந்தது. 1940ஆம் ஆண்டு முதல் ‘ஆனந்த விகட’னில் தொடர்ந்து வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற இந்நூலை அறியாத தமிழாசிரியர் இலர். ஆயினும் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெரிதும் எடுத்துரைக்கப்படுவது நூலின் முற்பகுதியேயாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876 வரை அவர் பாடங்கேட்ட வரலாறும், குடும்பத்தின் வறுமையும், குருபக்தியும் மாணாக்கர்க்கு மீண்டும் மீண்டும் காட்டப்பெறுகின்றன. இவை போற்றத்தக்கனவே. எனினும் இவற்றோடு நிறுத்திக்கொள்வதால் ஒரு பிழையான எண்ணம் வேரூன்றிவிடுகிறது. கல்வி என்பது இளமையில் ஒருவர் காலடியில் அமர்ந்து முடித்துவிடும் கருமம் என்றும், பட்டமும் பதவியும் பெற்றபின் பிறர்க்கு வழங்குவதொன்றே எஞ்சியுள்ளது என்றும் இந்நூல் கூறுவதாகப் பலர் கொண்டுவிட்டனர். நூலின் உயிர்நிலை அதுவன்று. அது 1880ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டில்தான் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அகவை இருபத்தைந்து. தமிழகத்தின் பெரும்புலவரிடம் பயின்றவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு பெற்றவர். அந்நிலையில், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் விருப்பப்படி, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880 அக்டோபர் 21ஆம் நாள் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கினார். பட்டியல் நீள நீள முதலியாரின் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டுச் சீவக சிந்தாமணியையும் அதுபோன்ற பழைய நூல்களையும் படித்ததுண்டோ என்றார் அவர். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

இக்காட்சியைப் புனைந்துள்ள திறம் கருதத்தக்கது. எண்பது அகவை கடந்த முதியவர், உலகெலாம் தம்மைப் புகழும் காலத்தில், தம் இளமையின் செருக்கைச் சற்றும் மறைக்காமல் எழுதுகிறார். தற்காப்பாக ஒரு சொல்லைக்கூட அவர் இடையில் செருகவில்லை. முதலியாரைக் கடுமையானவராகக் காட்டித் தம்மீது இரக்கம் தேடவும் இல்லை. தாம் அடுக்கிய நூற்பட்டியலைத் தாமே நகைப்பவர்போல் எழுதிச் செல்லும் அந்நடை, தமிழ் உரைநடையில் எளிதிற் காணக்கிடைக்காதது.

முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றைத் தந்ததோடு நில்லாமல், தாமும் உடனிருந்து பாடங்கேட்க விரும்பினார். ஆசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. தாம் அறியாத நூலை, அறியாமையை நன்கு உணர்ந்த ஒருவர்க்கே பாடஞ்சொல்லும் நிலை ஐயர்க்கு வாய்த்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது அக்காப்பியம். சொல் விளங்கினும் பொருள் விளங்காத இடங்கள் பல. நச்சினார்க்கினியர் உரையோ, கற்றவர்க்கென எழுதப்பட்டது. பிள்ளையவர்களிடம் கேட்டுக் கற்ற முறை இங்குப் பயன்படவில்லை. கேட்பதற்குப் பிள்ளையவர்கள் இல்லை. அவர் இருந்திருப்பினும் இந்நூலில் எவ்வளவு துணை செய்திருக்கக்கூடும் என்பதும் ஐயத்திற்குரியதே.

இருபத்தைந்து அகவை இளைஞரைத் தொடக்க மாணாக்கர் என்பது பொருந்துமோ என்றும், இலக்கணமும் யாப்பும் கைவந்தவர்க்கு இது என்ன இடர் என்றும் சிலர் வினவலாம். ஐயர் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்பது உண்மை. ஆனால் முன்னறிவே இடையூறாவதும் உண்டு. ‘வினை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சைவ சித்தாந்தம் பயின்றவர்க்கு அது மும்மலங்களுள் ஒன்று. அதன் பயனை ஊட்டுபவன் இறைவன். சமணர்க்கோ வினை என்பது உயிரோடு வந்து ஒட்டும் நுண்பொருள். ஊட்டுவிப்பான் ஒருவன் அங்கில்லை. சைவ மடத்துக் கல்வியோடு சிந்தாமணியைத் திறப்பவர், தெரியாத சொல்லினும் தெரிந்த சொல்லிலேயே மிகுதியாக வழுக்கி விழுவர். ஒன்றும் அறியாத சிறுவனுக்கு இவ்விடர் இல்லை. வளர்ந்தவர் கற்கும்போது ஏற்படும் தனித்துயரம் இதுவே.

இதற்கு ஐயர் கண்ட வழி எளியது, செய்தற்கு அரியது. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றிப் படித்து வருவதைக் கண்டார். கல்லூரி ஆசிரியர் அங்கே மாணாக்கராய் அமர்ந்து, அவர்தம் கொள்கைகளையும் வழக்கங்களையும் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர்களோடு தங்கி அவர்தம் நூல்களைக் கற்று மீண்டும் உரை வகுத்தார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அது மெய்யோ புனைவோ, ஐயரின் நெஞ்சிற்கு அது துணையாய் இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

ஆசிரியர் மாணாக்கராகும் இந்நிலை இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அயலானதன்று. 2020 மார்ச்சில் கோவிட் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, முப்பதாண்டு கரும்பலகையில் எழுதிப் பழகிய கைகள் இயங்கலை வகுப்பை நடத்த நேர்ந்தது. ஒலிவாங்கியைத் திறக்க மறந்து பேசிக்கொண்டிருந்த ஆசிரியர்க்கு நான்காம் ஆண்டு மாணவன் வழிசொன்ன காட்சிகள் பல. அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோர் விரைவில் தேறினர். கேட்பதை இழுக்கெனக் கருதியோர் இடர்ப்பட்டனர். பின்னவர்களை இகழ்வதற்கில்லை, வகுப்பில் அறியாமையைக் காட்டலாகாது என்பதே அவர்கள் பெற்ற பயிற்சி.

‘என் சரித்திர’த்தின் குறையொன்றையும் கூறுதல் வேண்டும். 1880க்கும் 1887க்கும் இடைப்பட்ட ஏழாண்டு உழைப்பில், அன்றாடம் நிகழ்ந்த தடுமாற்றங்களை இன்னும் விரிவாக அறியவே கற்போர் விரும்புவர். எப்பாடலில் எவ்வாறு தவறாகப் பொருள்கொண்டார், எப்படித் திருந்தினார் என்பன போதிய அளவு இல்லை. மாறாக, உதவியோர் பெயர்களும், சென்ற ஊர்களும், கண்ட மனிதர்களும் நெருங்கி நிற்கின்றன. முற்பகுதியிலுள்ள கதைக்கட்டு பிற்பகுதியில் தளர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பெயர்ப் பெருக்கத்தை வெறும் நன்றிப் பட்டியல் என்று தள்ளிவிடுதலும் ஆகாது. ஏடு தந்தவர், படி எழுதியவர், ஒப்புநோக்கத் துணையிருந்தவர் என ஒவ்வொருவரிடமும் அவர் ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறார். இளமையில் ஓர் ஆசிரியர். பின்னாளில் ஒரு நூறு ஆசிரியர்கள். நூலின் வடிவமே அவ்வாறு மாறிவிடுகிறது.

அவர் புதிதாய்ப் பயின்ற தொழில்களும் பல. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தல், நூற்பெயர் சுட்டாது உரையில் வரும் மேற்கோள்களின் மூலத்தைத் தேடல், அச்சுப்படி திருத்தல் ஆகியவற்றுள் எதையும் மடத்துக் கல்வி அவர்க்குக் கற்பிக்கவில்லை. மேற்கோள்களைத் தேடப் புகுந்ததே சங்க நூல்கள்பால் அவரைச் செலுத்தியது. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1894இல் புறநானூறும் அச்சேறின.

முதற்பதிப்பு பெரும்புகழ் ஈட்டியது. வேறொருவராயின் அதனை முடிந்த பணியெனக் கருதியிருப்பர். ஐயர் இருபதாண்டுகள் கழித்து, 1907இல், மேலும் ஏடுகளைப் பார்த்துத் திருத்தங்களோடு சிந்தாமணியை மீண்டும் பதிப்பித்தார். ‘என் சரித்திரம்’ அவ்வாண்டினை எட்டுமுன்னரே நின்றுவிட்டது. அத்திருத்தங்களின் வரலாற்றை அறிய விழைவோர் இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துத் தாமே படித்தறிதல் வேண்டும்.